பாட்டிலில் என்ன இருந்தது?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் எனக்கு ஒரு நண்பர். அவர் வீட்டு ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், நீல விளக்கு, இரண்டு கோமாளி மீன், ஏழெட்டுப் பவளங்கள். போன மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு போன்.

“சார், எல்லாம் போச்சு! ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா சதை உரிஞ்சு தொங்குது. வெள்ளை எலும்புதான் மிச்சம்.”

போய்ப் பார்த்தேன். வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கரன்ட் போனது, வெயில், பக்கத்து வீட்டுக் கண்.

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. உடம்புக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, பாசி சமைத்துத் தரும் சாப்பாட்டில் வாழ்கிறது. சூடு கூடினால் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். ஆனால், வெளுத்த பவளத்தில் சதை இருக்கும், கொஞ்ச நாள் உயிரும் இருக்கும். ஒரே ராத்திரியில் சதை உரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். அம்மோனியா, உப்பின் அளவு, காரத்தன்மையில் திடீர் மாற்றம், செம்பு.

“தண்ணியில எதையாவது ஊத்தினீங்களா?”

ஊற்றியிருக்கிறார். மீன் மேல் வெள்ளைப் புள்ளி வந்ததாம். கடைக்காரர் நீல மருந்து ஒன்று கொடுத்தாராம். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். காப்பர் சல்பேட். நம்ம ஊர் மயில்துத்தம்! மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும். பவளத்தையும் இறாலையும் நத்தையையும்கூட விடாது. அதனால்தான் நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஊற்றிய செம்பு பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு அப்புறமும் கசியும்.

காஞ்சிபுரத்துக்காரருக்குச் செம்பு புதுசா என்ன? சரிகையில் வெள்ளியோடு இருப்பது அதுதான். சேலை வாங்கும்போது இதே நண்பர் சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால்தான் காசை எண்ணுவார். சேலைக்கு அவ்வளவு விசாரணை. உயிர்ப் பிராணி விஷயத்தில் ஒரு லேபிளைப் படிக்கக்கூட நேரமில்லை.

சரி, கொலைகாரனைப் பிடித்தாயிற்று. வழக்கு முடிந்ததா? இல்லை. இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டேன். “இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“கடையிலேர்ந்துதான் சார்.”

கடைக்கு எங்கிருந்து வந்தது? அதை யாருமே கேட்பதில்லை. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை! நம் கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம், மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. “இம்போர்ட் சார்” என்பார்கள். வெளிநாட்டுப் பவளமானாலும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா?

“என் ஒரு தொட்டியாலயா கடல் அழிஞ்சிடும்?” என்று நண்பர் கோபப்பட்டார். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் ஏற்றிய ஒவ்வொரு படகும் அப்படித்தான் நினைத்திருக்கும். அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். அலையைத் தடுக்கப் பாறை இல்லை. மிச்சமிருந்த பவளமும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்தது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் துண்டு துண்டாகப் பவளத்தை நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறது. உருண்டைப் பாறை போன்ற வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு பக்கம் அப்படி நடுகிறார்கள். இன்னொரு பக்கம் நாம் ஹாலுக்கு அழகு என்று வாங்கி, நீல மருந்தை ஊற்றுகிறோம்.

ஆகவே மகாஜனங்களே, மீன் வளருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பவளம் என்று யாராவது நீட்டினால், சரிகையைச் சுரண்டுவதுபோலச் சுரண்டிக் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பறிக்கவும் ஆள் இருக்காது.

கிளம்பும்போது நண்பர் தயங்கிக்கொண்டே கேட்டார். “தொட்டி காலியா இருக்கு சார். இன்னும் நாலு வாங்கிப் போடலாமா?”

மீன் இரண்டும் தெம்பாக நீந்திக்கொண்டிருந்தன. காலி இடம் அவற்றுக்கே இருக்கட்டும் என்றேன்.