எல்லைக்கோட்டை யார் அளப்பது?

இரண்டு கரிமக் குறைகடத்திகளைத் தனித்தனியே அளந்து, ஆற்றல் மட்டங்களை அருகருகே வரைந்தால் போதும், அவை ஒட்டும் இடைமுகத்தில் தோன்றும் மின் இருமுனை வெறும் சில்லறைத் திருத்தம் என்கிறார்கள் சிலர். எது சில்லறை? அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். இருமுனையால் இடைமுகத்தின் ஆற்றல் தடை 0.2 எலக்ட்ரான் வோல்ட் உயர்ந்தாலே, அதைத் தாண்டும் மின்னூட்டங்கள் ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். அங்கே சாதனமே படுத்துவிடும்!

மூலக்கூறுகளுக்கிடையே இருப்பது வலுவற்ற வான்டெர்வால்ஸ் விசை என்பதும், பல இணைகளில் இருமுனை பூச்சியத்தை ஒட்டியே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பூச்சியம் ஒளியெலக்ட்ரான் நிறமாலையியலால் அளந்து கண்டது. அளக்காத இணைக்கும் அதையே பொருத்துவது அறிவியல் அல்ல.

டிடிஎஃப், டிசிஎன்க்யூ என்ற இரண்டு கரிமச் சேர்மங்களின் படிகங்களைப் பாருங்கள். தனித்தனியே இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை. ஒன்றன்மேல் ஒன்றை ஒட்டவைத்தபோது, இடைமுகம் உலோகம்போலக் கடத்தியது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2008இல் காட்டியது இது. ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கிறது, மற்றது வாங்கிக்கொள்கிறது. தனித்தனி அட்டவணைகளை மட்டும் பக்கத்தில் வைத்து, கொடுக்கல் வாங்கலுக்குப் பிறகு அந்த மட்டங்கள் எங்கே போய் நிற்கும் என்று எப்படிச் சொல்வார்கள்?

இடைமுகம்கூட வேண்டாம், ஒரே பொருளே போதும். கரிம ஒளிரும் டையோடுகளில் புகழ்பெற்ற அலுமினியம் குவினோலின் சேர்மத்தை இருட்டில் ஆவியாக்கிப் படியவைத்தார்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். 560 நானோமீட்டர் படலத்தின் மேற்பரப்பில் எழுந்த மின்னழுத்தம் 28 வோல்ட். மூலக்கூறுகள் சற்றே ஒரே பக்கம் சாய்ந்து நின்றதன் விளைவு. இதையும் சில்லறைக் கணக்கில் சேர்ப்பார்களா?