ஜிபியைக் கடைசியாப் பாருங்கோ

இந்தக் கிழமை மெமரி கார்ட் பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் விட்ட ஒரு விசயத்தை இங்க எழுதுறன். கார்ட் வாங்கேக்க எத்தனை ஜிபி எண்டு பார்க்கிறது கடைசி வேலையா இருக்கவேணும்.

எங்கட வயசுக்காரருக்கு இது பழைய கதை. ஐபோனில கார்ட் போட இடம் இருந்ததே இல்லை. சாம்சங் கேலக்சி எஸ் வரிசையும் 2021இல எஸ்21 வந்ததோட அதை நிப்பாட்டிட்டுது. ஆனால் அம்மா அப்பா வச்சிருக்கிற விலை குறைஞ்ச ஆண்ட்ராய்ட் போன்கள் கனக்கவற்றில அந்த இடம் இன்னும் இருக்கு. "போன் நிரம்பிட்டுது, ஒரு கார்ட் வாங்கித் தா" எண்டு கேட்கிறதும் அவைதான். அந்தப் போனுக்குள்ள என்ன இருக்கு? ஊரில இருந்து அம்மம்மா அனுப்பின குரல் பதிவு, கலியாண வீட்டு வீடியோ, இனி எடுக்கேலாத படங்கள்.

ஒன்லைனில 1 டெராபைட் கார்ட் பத்துப் பதினைஞ்சு டொலருக்குக் கண்டால் கை வைக்காதேங்கோ. இந்த மாதிரிக் கார்டுகளுக்குள்ள உண்மையில 32 ஜிபி மாதிரி ஏதோ கொஞ்ச இடம்தான் இருக்கும். போன் கேட்டால் "1 டெராபைட்" எண்டு பொய் சொல்லுற மாதிரி அதின்ர கொன்ட்ரோலரை மாத்தி வச்சிருப்பினம். அந்த இடம் நிரம்பும் வரைக்கும் எல்லாம் சரியா நடக்கும். பிறகு புதுப் படம் பழைய படத்துக்கு மேல எழுதப்படும், இல்லாட்டில் காணாமலே போகும். பெயர் தெரியும், திறந்தால் ஒண்டும் இருக்காது. போன் ஒரு எச்சரிக்கையும் தராது.

அதால தெரிஞ்ச கடையில வாங்குங்கோ. வாங்கின உடன, படம் ஒண்டும் ஏத்த முதல், கணினியில போட்டுச் சோதியுங்கோ. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மாக்குக்கு எஃப்3. ரெண்டும் இலவசம். கார்டை முழுக்க நிரப்பி, திருப்பி வாசிச்சுப் பார்க்கும்.

"200 எம்பி வரை" எண்டு பெட்டியில பெரிசாப் போடுறது பெரும்பாலும் வாசிக்கிற வேகம். வீடியோவுக்கு எழுதுற வேகம்தான் முக்கியம். வி30 எண்டால் வினாடிக்குக் குறைஞ்சது 30 எம்பி எழுதும், போனில எடுக்கிற 4கே வீடியோவுக்கு அது காணும். அம்மாட படங்களுக்கு யு1 அடையாளத்தோட 128 ஜிபி தாராளம். எத்தனை ஜிபி வரைக்கும் ஏற்கும் எண்டு போனின்ர விபரத்தில பார்த்திட்டு வாங்குங்கோ.

இன்னொண்டு. கார்டைப் போட்டவுடன சில போன்கள் "உள் சேமிப்பாகப் பயன்படுத்தவா?" எண்டு கேட்கும். ஆண்ட்ராய்ட் 6ஓட வந்த வசதி இது. வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஓம் எண்டால் கார்ட் அந்தப் போனோட பூட்டுப்பட்டுப் போகும். போன் பழுதானால் கார்டை வேற எதிலயும் வாசிக்கேலாது.

நல்ல கார்டும் ஒருநாள் சாகும். எழுத எழுதத் தேயும், லாச்சிக்குள்ள வருசக்கணக்காக் கிடந்தாலும் உள்ளதை மறக்கும். கார்ட் இடம் தரும், பாதுகாப்புத் தராது. "கிளவுட் இருக்குத்தானே" எண்டு கேட்பீங்கள். நல்லதுதான், ஆனால் அம்மாட பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும்? அதையும் ஒருக்கால் கேட்டு வையுங்கோ.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவையின்ர போனை வாங்கி, படங்களை உங்கட லேப்டொப்பில ஒரு பிரதி எடுங்கோ. அதுக்குப் பிறகு கார்ட் வாங்கிறதைப் பற்றி யோசிக்கலாம். கேள்வி இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ.