அல்போன்சோ அரசை இழந்தது புத்தகத்தாலா?

வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே காலடி மண்ணைக் கோட்டைவிட்டவர் என்றுதான் ஸ்பெயினின் காஸ்தீய அரசர் பத்தாம் அல்போன்சோவைப் பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். 1252 முதல் 1284 வரை ஆண்டவர். ‘அறிஞர்’ என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டவர். கடைசியில் பெற்ற மகனிடமே அதிகாரத்தைப் பறிகொடுத்தவர். படிப்பு வேறு, ஆட்சி வேறு என்று வாதிடுபவர்களுக்கு வசதியான உதாரணம். ஆனால், அவர் கஜானாவைக் கரைத்தவை ஏடுகள் அல்ல.

அவருடைய தாய் பியாட்ரிஸ் ஜெர்மானியப் பேரரச வம்சத்தவர். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு புனித ரோமப் பேரரசராகிவிட அல்போன்சோ ஆசைப்பட்டார். 1257-ல் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொண்டவர்களில் ஒரு சாரார் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் இங்கிலாந்து அரசரின் தம்பி ரிச்சர்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பிறகு 18 ஆண்டுகள், ஒருபோதும் சூட்டிக்கொள்ளாத அந்த மகுடத்துக்காகப் பணத்தைத் தண்ணீராய் இறைத்தார். வரி ஏறியது. நாணயத்தில் வெள்ளி குறைந்தது. 1272-ல் பிரபுக்கள் கலகம் செய்தார்கள். 1275-ல் தென் பிரான்சின் பூக்கேர் நகருக்கே போய்க் கேட்டபோது, போப் பத்தாம் கிரிகோரி கையை விரித்துவிட்டார்.

அரசர் ஊரில் இல்லாத அந்த நேரத்தில் மொராக்கோவின் மரினித் படைகள் ஸ்பெயினின் தென்கரையில் வந்து இறங்கின. அவர்களை எதிர்க்கப் புறப்பட்ட மூத்த மகன் பெர்னாண்டோ வழியிலேயே இறந்துபோனார். அடுத்த வாரிசு யார்? பழைய வழக்கம் இரண்டாவது மகன் சான்சோவைக் காட்டியது. அல்போன்சோ தொகுப்பித்த ‘ஏழு பாகங்கள்’ என்ற சட்டநூலோ இறந்த மூத்தவரின் மகனைக் காட்டியது. முதலில் சான்சோவை ஏற்றுக்கொண்ட அரசர், பிறகு பேரனுக்கும் ஒரு பங்கு தர முயன்றார். 1282-ல் வல்லடோலிடில் கூடிய சபை அதிகாரத்தைச் சான்சோவிடம் ஒப்படைத்தது. அல்போன்சோவின் நூல்களில் ஏதாவது ஒன்று அவர் காலை வாரியது என்றால், அது இந்தச் சட்டநூல்தான்.

அவர் விட்டுச்சென்றதைப் பார்ப்போம். டொலிடோவில் அதற்கு முன்பே ஒரு மொழிபெயர்ப்பு முறை இருந்தது: யூத அறிஞர் அரபு நூலைப் படித்துக் காஸ்தீயப் பேச்சுமொழியில் சொல்வார், பாதிரியார் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். நடுவில் வந்த பேச்சு காற்றோடு போய்விடும். அல்போன்சோ அந்தப் பேச்சையே ஏட்டில் ஏற்றினார். சட்டம், வரலாறு, வானியல் எல்லாம் சந்தையில் பேசிய மொழியில் எழுதப்பட்டன. அரசரே உட்கார்ந்து வேண்டாத சொற்களை நீக்கி நடையைத் திருத்தினார் என்று ஒரு வானியல் நூலின் முன்னுரை சொல்கிறது. நம் பஞ்சதந்திரக் கதைகளும் அரபு வழியாக 1251-ல், அவர் இளவரசராக இருந்தபோது, காஸ்தீயத்துக்கு வந்தன. யெகுதா பென் மோசே, ஈசாக் இப்னு சித் என்ற இரு யூதர்கள் கணித்த வானியல் அட்டவணைகள் கோப்பர்நிக்கஸ் காலம்வரை ஐரோப்பாவில் புழங்கின.

இதை மதநல்லிணக்கத்தின் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. அதே சட்டநூல் யூதர்கள் அடையாளச் சின்னம் அணிய வேண்டும் என்கிறது. பணமுடை வந்தபோது, 1281-ல், யூதர்களைச் சிறைபிடித்துப் பெருந்தொகை கறந்தவரும் இதே அரசர்தான். அந்தச் சமூகத்தின் அறிவைக் கொண்டு பெயர் வாங்கியவருக்கு இது அழியாத கறை.

1283-ல், பெரும்பாலான நகரங்கள் கைவிட்ட பிறகு, தன் பக்கம் நின்ற செவில் நகரில் அவர் முடித்தது ஒரு விளையாட்டு நூல். சதுரங்கம், பகடை, காய் நகர்த்தும் பலகை ஆட்டங்கள் என ஏறத்தாழ நூறு ஏடுகள். அறிவு பெரிதா, அதிர்ஷ்டம் பெரிதா என்று இந்திய அரசர் ஒருவர் மூன்று அறிஞர்களைக் கேட்பதாக அது தொடங்குகிறது. அதன் ஓர் ஓவியத்தில் ஒரே கூடாரத்துக்குள் ஒரு முஸ்லிமும் ஒரு கிறித்தவரும் எதிரெதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். ஈட்டிகள் வெளியே நிற்கின்றன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று அதே நகரில் அல்போன்சோ இறந்தார். அந்த ஏடுகள் இன்றும் எஸ்கோரியல் மடத்து நூலகத்தில் இருக்கின்றன.