மெஸ்ல மீன் எப்போ?

போன மாதம் மெஸ் கமிட்டி கூட்டத்தில் நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். மாதத்துக்கு ரெண்டு நாள் சிக்கன் கிரேவிக்குப் பதிலா மீன் குழம்பு. காசிமேட்டு மீன். எல்லாரும் சிரித்தார்கள். "முள்ளு தொண்டையில மாட்டினா யாரு தம்பி பதில் சொல்றது?" என்றார் கான்ட்ராக்டர் அண்ணன். அதோட டீ குடிக்கப் போயிட்டோம்.

விட மனசில்லாமல் இங்கே எழுதுகிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன், பிழை இருந்தா எடிட்டர் பார்த்துக்குவாங்க.

நாளைக்கு மதியம் உங்க தட்டை ஒருமுறை பாருங்க. முட்டை நாமக்கல்லில் இருந்து வருது. உப்பு அநேகமா தூத்துக்குடி. உருளைக்கிழங்கு எந்த மாநிலம்னு யாருக்குத் தெரியும்? ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் கரை நெடுக மீனவர் குப்பங்கள். அங்கிருந்து நம்ம தட்டுக்கு எதுவும் வர்றதில்லை.

கான்ட்ராக்டர் சொல்ற கஷ்டம் பொய்யில்லை. மீன் விலை தினமும் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆனா அதில் பெரும்பகுதி நமக்கு ஸ்டடி லீவும் செமஸ்டர் லீவும்தானே? வஞ்சிரத்தை யாரும் கேக்கல. கவலை, காரப்பொடி, கானாங்கெளுத்தி போதும். மெனுவில் மீன் பேரைப் போடாமல், 'இன்னைக்கு ஏலத்தில் மலிவா கிடைச்ச மீன்' என்று போட்டால் விலைப் பிரச்சனை பாதி தீரும். முள்ளுக்குப் பயந்தவங்களுக்கு நெத்திலி வறுவல். அதை முள்ளோடவே மென்னுடலாம்.

இது வரைக்கும் சுலபம். எண்ணூர்தான் கஷ்டம்.

எங்க வீடு திருவொற்றியூரில். ஆயா எப்பவும் எண்ணூர் இறால்தான் வாங்குவாங்க. கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவிப் பிடிக்கிற இறால். ருசியே வேற என்பாங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து அந்தக் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாமே கறுப்பு. மீனவர்களே பக்கெட்டில் எண்ணெயை அள்ளினதை நீங்களும் போன்ல பார்த்திருப்பீங்க. 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். ஆயா இறால் வாங்குவதை நிறுத்திட்டாங்க. கூடைக்கார அம்மா தெருவில் குரல் கொடுத்தால் ஆயா உள்ளே போயிடுவாங்க. இத்தனை வருஷப் பழக்கம், முகத்தைப் பார்க்கச் சங்கடம்.

அதனால எண்ணூர் இறாலை மெஸ்ல போடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை. காசிமேட்டுக் கடல் மீனோட நிறுத்திக்கிறேன். அப்படி நிறுத்தும்போது எண்ணெயில் நஷ்டப்பட்டவங்களையே ஒதுக்குறோம்னும் தெரியுது. வேற ஊர்ல உள்ளூர்ச் சாப்பாடு என்றால் சந்தோஷமான பேச்சு. இங்கே அதைப் பேசினாலே ஆத்துல என்ன கலக்குதுன்னு கேட்டாகணும்.

நம்மகிட்ட லேப் இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்காம சீனியர் ரிப்போர்ட்டை காப்பி அடிக்கிற கூட்டமும் இருக்கு, நானும் அதில் ஒருத்தன். கழிமுகத்துத் தண்ணீரையும் இறாலையும் மாசாமாசம் சோதிச்சு, ரிசல்ட்டை மெஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் என்ன? நல்லா இருக்குன்னு வந்தா அந்த வாரமே இறால் வாங்கலாம். இல்லைன்னு வந்தா, ஏன்னு கேக்க நம்ம கையில் ஒரு தாள் இருக்கும்.

ஒரு சிக்கலையும் மறைக்காம சொல்லிடுறேன். அந்த ரிசல்ட்டைப் பார்த்து எரிச்சலாகக்கூடிய கம்பெனிகள்தான் நம்ம கோர் பிளேஸ்மென்ட் கனவு. நானே ஒண்ணுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். ஆயாகிட்ட இன்னும் சொல்லல.

அடுத்த மெஸ் கமிட்டி கூட்டம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் 4 மணி. டே ஸ்காலர்களும் வரலாம். நான் போன தடவை கேட்டதையே மறுபடி கேக்கப் போறேன், கூட நாலு பேர் இருந்தா நல்லா இருக்கும்.