குலமும் செய்கையும்

புரதத்தை வெட்டும் நொதிகள் இல்லாத உயிரினம் இல்லை. நம் இரைப்பையில் பெப்சின். பப்பாளிப் பாலில் பப்பைன். மண்ணில் வாழும் பாக்டீரியாவில் சப்டிலிசின். நச்சுயிரிகள் பலவும் தமக்கென ஒன்றை வைத்திருக்கின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையை இங்கிலாந்தில் ராலிங்ஸ், பாரெட் ஆகிய இருவர் 1993-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அது பின்னர் 'மெராப்ஸ்' என்னும் தரவுத்தளமாக வளர்ந்தது. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சொற்களின் உறவைப் பற்றிப் பேசுகிற எவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு முன்பு இந்நொதிகளைச் செய்கையை வைத்துப் பிரித்தனர். வெட்டும் இடத்தில் செரின் இருக்கிறதா, சிஸ்டைன் இருக்கிறதா, உலோகம் இருக்கிறதா என்பதே கேள்வி. இவ்விருவரும் அதைக் கைவிடவில்லை. ஆனால் அதனோடு பிறப்பையும் கேட்டனர். அமினோ அமில வரிசை ஒத்திருந்தால் ஒரு குடும்பம். வரிசை சிதைந்து அடையாளம் அழிந்துபோன பின்னும், புரதம் மடிந்திருக்கும் வடிவம் ஒரே மூதாதையைக் காட்டினால் ஒரு குலம்.

இதன் அருமை ஓர் எடுத்துக்காட்டில் விளங்கும். கணையத்தில் சுரக்கும் கைமோட்ரிப்சினின் வடிவம் 1967-இல் தெரியவந்தது. சப்டிலிசினின் வடிவம் 1969-இல். இரண்டிலும் வெட்டும் வேலையைச் செய்வோர் அதே மூவர்: ஹிஸ்டிடின், அஸ்பார்டிக் அமிலம், செரின். நிற்கும் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. உடன்பிறப்புகள் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் முன்னதில் அம்மூவரும் 57, 102, 195 ஆகிய இடங்களில் அதே முறையில் வர, பின்னதில் அஸ்பார்டிக் அமிலம் 32-ஆம் இடத்துக்கு முந்திவிடுகிறது. ஹிஸ்டிடின் 64, செரின் 221. மடிப்போ முற்றிலும் வேறு. உறவே இல்லை. இயற்கை ஒரே உத்தியைத் தனித்தனியே இருமுறை கண்டடைந்திருக்கிறது. மாறாக, கொரோனா நச்சுயிரியின் முதன்மை நொதி வெட்டுவதற்குச் செரினை அல்ல, சிஸ்டைனைப் பயன்படுத்துகிறது. அதுவோ கைமோட்ரிப்சினின் குலத்தைச் சேர்ந்தது!

குலம் அறிவது வெறும் ஏட்டுச் சுவையும் அன்று. பெப்சின் வகை நொதிகளின் இரு பாதிகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கண்டு, பழைய மரபணு ஒன்று இரட்டித்ததன் விளைவே இது என்று 1978-இல் டாங் முதலியோர் கூறினர். எச்.ஐ.வி.யின் நொதி அளவில் பாதிக்கும் குறைவுதான். இரண்டு பாதிகள் கூடி ஒரு முழு நொதியாகும் என்று 1987-இல் பேர்ல், டெய்லர் இருவரும் ஊகித்தனர். 1989-இல் வடிவம் கண்டபோது அது சரியாகவே இருந்தது. இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய ரெனின் என்னும் நொதியும் பெப்சினுக்கு உறவு. அதைத் தடுக்க மருந்து தேடியவர்களின் பட்டறிவு இங்கே கைகொடுத்தது. 1995-இல் சாக்வினவிர் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'ஒன்று' என்பதே ஆங்கிலத்தில் 'ஒன்' ஆயிற்று என்று மேடைதோறும் கேட்கிறோம். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ஆன்'. இன்றைய உச்சரிப்பின் தொடக்கத்தில் ஒலிக்கும் வகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னோக்கிச் செல்லச் செல்ல ஒற்றுமை விலகுகிறது. நம் 'செவி'யும் கன்னடத்துக் 'கிவி'யும் அப்படியல்ல. முதலெழுத்தே வேறு, ஆயினும் 'செய்'யும் 'கெய்'யும் அதே மாற்றத்தைக் காட்டுவதால் உறவு உறுதிப்படுகிறது. மடிப்பு என்று உயிரியலார் சொல்வதற்கு இணையாக நம்மிடம் இருப்பது இந்த ஒலிமாற்ற ஒழுங்குதான்.

சென்ற பருவத்தில் மாணவர் ஒருவர் தமிழிலிருந்து பிறமொழிகளுக்குச் சென்றவை என்று நீண்ட சொற்பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல உழைப்பு. எந்த ஒலி எந்த ஒலியாக மாறியது, வேறு எந்தச் சொற்களில் அப்படி மாறியது என்று கேட்டேன். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுவாரம் முதல் பத்துச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவற்றுள் இரண்டைத் தாமே அடித்திருந்தார்.