நமக்கும் வேண்டும் ஒரு கோபல்ல கிராமம்

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து பெண்ணின் மானம் காக்க ஓடிவந்தவர்களுக்கு ஆற்றங்கரை மரம் வளைந்து வழிவிட்ட கதையை, பாட்டி மங்கத்தாயாரு வாயாலேயே சொல்ல வைத்தார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஸ்பெயினின் கலீசியாவில் எழுத்தாளர் ஆல்வரோ குன்கெய்ரோவும் இப்படிப் பழங்கதையை நாவலாக்கினார். 1955இல் வந்த நாவலில் மெர்லின் என்னும் மந்திரவாதியைத் தன் மண்ணிலேயே குடிவைத்தார்.

சிங்கப்பூரில் தெம்பனிஸ் அடுக்குமாடியில் வாழும் நமக்கு அப்படிப்பட்ட கதைகள் இல்லையா? நிறைய உண்டு. மீன்களின் தாக்குதலிலிருந்து ஊரைக் காத்த சிறுவனைக் கொன்றதால் குன்று சிவந்ததாம். அதுதான் புக்கிட் மேரா. கலிங்கத்து மல்லனை வென்ற பாடாங் என்னும் பலசாலி, சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்துக்குப் பாறையை எறிந்தானாம். அந்தக் கதையோடு பேசப்படும் சிங்கப்பூர்க் கல்லின் துண்டு இன்றும் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

இவை மலாய்க்காரர்களின் கதைகள் என்று ஒதுங்கி நிற்பது தவறு. இந்த மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் இவை சொந்தம். சிங்கப்பூர்த் தமிழ் நாவலாசிரியர்களே, ஊரிலிருந்து கொண்டுவந்த கதைகளோடு இந்த ஊர்க் கதைகளையும் எழுதுங்கள்.