‘சென்னை வரைக்கும் நாங்களே அனுப்பிடுறோம்’: மெஷின் இறக்குமதியில் சிஐஎஃப் விலையை நம்பலாமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, களம்பூர் பக்கம் போனால் அரிசி ஆலைகள்தான் கண்ணில் படும். கருப்பு அரிசி, பழுப்பு அரிசி, கல் எல்லாவற்றையும் கேமராவில் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் இல்லாமல் இன்று மில் ஓட்டுவது கஷ்டம். மில்காரர்கள் பேச்சில் அது ‘சார்டெக்ஸ்’. இந்த மெஷின்கள் தயாராகும் முக்கிய ஊர்களில் ஒன்று சீனாவின் ஹெஃபெய். முன்பு டீலர் மூலம் மட்டுமே வாங்கிய மெஷினுக்கு, இப்போது வாட்ஸ்அப்பில் தொழிற்சாலையிடமே கொட்டேஷன் கேட்டுவிடலாம்.

கொட்டேஷனில் விலை ஒன்றாக இருக்காது. எக்ஸ்-ஒர்க்ஸ் ஒரு விலை, எஃப்ஓபி ஷாங்காய் ஒரு விலை, சிஐஎஃப் சென்னை ஒரு விலை. முதன்முறை வாங்குபவர் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் தேர்வு செய்வார். கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் அதிலேயே அடக்கம், தலைவலி இல்லை. அப்படித்தான் தோன்றும்.

இந்த மூன்றெழுத்துகள் என்ன?

பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட விதிகள்தான் ‘இன்கோடெர்ம்ஸ்’. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில் 11 சொற்கள் உள்ளன. யார் வாடகை கொடுப்பது, யார் சுங்க வேலை பார்ப்பது, சரக்கு சேதமானால் எந்த இடத்திலிருந்து யாருக்கு நஷ்டம் என்பதை இவை முடிவு செய்கின்றன.

கடைசிக் கேள்வியில்தான் சிக்கல். சிஐஎஃப் சென்னை என்றால், சென்னை வரை பொறுப்பு விற்றவருடையது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. சென்னை வரை அவர் கொடுப்பது செலவை மட்டும்தான். ஷாங்காயில் மெஷின் கப்பலில் ஏறிய நிமிடமே ரிஸ்க் வாங்குபவர் தலைக்கு வந்துவிடும். நடுக்கடலில் என்ன ஆனாலும் விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ரிஸ்க் கைமாறும் இடத்தைப் பொறுத்தவரை எஃப்ஓபியும் சிஐஎஃப்பும் ஒன்றேதான்.

நடுக்கடலில் என்ன ஆகிவிடப் போகிறது?

2025 மே 25 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 கப்பல் சுமார் 640 கன்டெய்னர்களுடன் கேரளக் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. இரண்டே வாரத்தில், ஜூன் 9 அன்று, கொழும்பிலிருந்து மும்பை நோக்கி வந்த வான் ஹாய் 503 கப்பல் அதே கடல் பகுதியில் தீப்பிடித்தது. 2023 நவம்பரில் ஹூதிகளின் தாக்குதல் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவிலிருந்து செங்கடல் வழியே வர வேண்டிய பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கின.

சரக்குக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் செலவு வரலாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்ட எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். அதாவது கப்பலை மீட்ட செலவை, அதில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் அந்த நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். இல்லாவிட்டால் கையிலிருந்து டெபாசிட் கட்டினால்தான் கன்டெய்னர் கிடைக்கும்.

அதான் சிஐஎஃப்பில் இன்சூரன்ஸ் இருக்கே?

இருக்கிறது. ஆனால் விதிப்படி விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்ச காப்பீடான ‘சி’ பிரிவு மட்டுமே. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் கிடைக்கும். கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்தாலோ, திருட்டுப் போனாலோ, ஏற்றி இறக்கும்போது கீழே விழுந்து உடைந்தாலோ கிடைக்காது. கேமராவும் சர்க்யூட் போர்டும் நிறைந்த ஒரு மெஷினுக்கு இந்த இரண்டாவது வகை சேதம்தான் அதிக பயம். பாலிசியில் சேருமிடம் சென்னைத் துறைமுகம் என்று மட்டும் போட்டிருந்தால், அங்கிருந்து ஆரணி வரையிலான லாரிப் பயணமும் அதில் வராது.

இன்னொரு பொறி, சென்னையில் காத்திருக்கும். கப்பல் வாடகையை விற்றவர் கொடுப்பதால், ஃபார்வர்டரையும் அவரே தேர்வு செய்கிறார். அங்கே வாடகையை அடிமாட்டு விலைக்குக் காட்டிவிட்டு, டெலிவரி ஆர்டர், கையாளும் கட்டணம் என்று இங்கே பில் நீளுவது, சிறு பார்சலாக மற்றவர் சரக்கோடு கலந்து வரும் லோடுகளில் வாடிக்கை. பேரம் பேச வழியில்லை. சரக்கு அவர்கள் கையில்.

வரி குறையுமா?

எஃப்ஓபி போட்டால் சுங்க வரி குறையும் என்பது தப்புக் கணக்கு. எந்தச் சொல் போட்டாலும் இந்தியாவில் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்பின் மீதுதான் வரி. 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, வாடகைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதமும், இன்சூரன்ஸுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் 1.125 சதவீதமும் சேர்ப்பார்கள். உதாரணமாக 20 லட்ச ரூபாய் மெஷினுக்கு உண்மையான வாடகை 1 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லையென்றால் 4 லட்சமாகக் கணக்காகும். ஒரு காகிதம் தொலைந்ததற்கு, வராத 3 லட்சத்துக்கு வரி!

‘சிஐஎஃப்னா வாடகைக்குத் தனியா 5 சதவீதம் ஜிஎஸ்டி கட்டணுமே’ என்பது பழைய கதை. மோஹித் மினரல்ஸ் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 அக்டோபர் 1 முதல் அறிவிக்கைகளிலிருந்தும் அது நீங்கிவிட்டது.

‘வீட்டு வாசல் வரை, வரியும் எங்களுடையது’ என்று வரும் டிடிபி ஆஃபர் இன்னும் கவர்ச்சியானது, இன்னும் ஆபத்தானது. இந்தியாவில் இறக்குமதி செய்ய ஐஇசி எண் வேண்டும். சீன விற்பனையாளரிடம் பொதுவாக அது இருக்காது. அப்புறம் யார் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி போடுவார்கள்? வேறு யாரோ ஒருவர் பெயரில் போட்டால், கட்டிய ஐஜிஎஸ்டியை ஆலை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. (25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையாக மட்டுமே விற்கும் மில்லுக்கு அரிசிக்கே ஜிஎஸ்டி இல்லை என்பதால் அந்த வரவு எப்படியும் கிடைக்காது. 26 கிலோ மூட்டை பிரபலமான கதை அதுதான்.)

அப்போ எதைத்தான் எடுப்பது?

முழு கன்டெய்னரில் மெஷின் வருகிறதென்றால் எஃப்சிஏ அல்லது எஃப்ஓபி போட்டு, சென்னையில் அலுவலகம் உள்ள ஃபார்வர்டரை நாமே அமர்த்துவது நல்லது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்சிஏதான் பொருத்தம் என்கிறது வர்த்தக சபை. ஆனால் பழக்கத்தில் எஃப்ஓபியே ஓடுகிறது. வாங்குபவருக்கு அதில் பெரிய பாதகமில்லை. இன்சூரன்ஸை இந்திய நிறுவனத்திடம், ‘ஏ’ பிரிவில், மில் வாசல் வரை எடுக்க வேண்டும். க்ளெய்ம் வந்தால் சர்வேயர் ஆரணிக்கே வருவார்.

நேரம் இல்லை, ஆள் இல்லை, விற்பவரே அனுப்பட்டும் என்றால் சிஐஎஃப்புக்குப் பதில் சிஐபி கேட்கலாம். 2020 பதிப்பில் அதற்கு மட்டும் ‘ஏ’ பிரிவுக் காப்பீடு கட்டாயம்.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் இடத்தின் பெயரும் ஆண்டும் முழுதாக இருக்கட்டும்: ‘எஃப்சிஏ ஷாங்காய், இன்கோடெர்ம்ஸ் 2020’ என்பதுபோல. ‘சென்னை’ என்று மட்டும் எழுதினால் சென்னைத் துறைமுகமா, எண்ணூரா, காட்டுப்பள்ளியா என்ற கேள்வி வரும். மூன்றும் தனித்தனித் துறைமுகங்கள். மெஷினைப் பொருத்தித் தர டெக்னீஷியன் வருவாரா, வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கும், மீதிப் பணம் எப்போது என்பதையெல்லாம் இந்த 11 சொற்களில் எதுவும் சொல்வதில்லை. அவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்பே.